105 அடி நீள வீட்டில் மெஷ் வைஃபை: மூன்றரை ஆண்டு அனுபவம்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் எங்கள் வீடு. அகலம் 16 அடி, நீளம் 105 அடி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த சந்தில். தாத்தா காலத்துக் கட்டடம். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள், தேக்கு உத்தரத்தின் மேல் மெட்ராஸ் டெரஸ் கூரை. சித்திரை வெயிலிலும் நடுக்கூடம் குளுமையாக இருக்கும். அந்தச் சுவர்கள்தான் வைஃபையைத் தின்றன. ஃபைபர் இணைப்பு முன்னறையில், நைனாவின் கணக்கு மேசைக்கு மேல் வந்து நிற்கிறது. என் வேலை பின்பக்கத்து மொட்டைமாடி அறையில். அம்மாவுக்கோ சமையல்கட்டும் கிணற்றடியும்தான் உலகம்.

மஸ்கட்டில் இருக்கும் தம்பி தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். அம்மா அலைபேசியைப் பிடித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போவார். "நடுக்கூடத்தைத் தாண்டினால் உன் முகம் அப்படியே நின்றுவிடுகிறதப்பா" என்று தினமும் ஒருமுறையாவது சொல்வார். 2022 தொடக்கத்தில் மெஷ் வாங்கியதற்கு என் அலுவலக வேலை ஒரு காரணம் என்றால், அந்த ஒரு வரி அதைவிடப் பெரிய காரணம்.

அதற்கு முன் சுவர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றை வைத்திருந்தேன். அது தனிப் பெயரில் இன்னொரு வைஃபையைக் காட்டியது, வேகமும் பாதியாகியது. மெஷ் அப்படியில்லை. வீட்டில் வைஃபை பரப்பும் பெட்டி, அதாவது யூனிட், எத்தனை இருந்தாலும் வைஃபை பெயர் ஒன்றே. யூனிட்டுகள் தமக்குள் பேசி, தரவைக் கைமாற்றிக்கொள்ளும். நான்கு யூனிட் வாங்கி முன்னறை, நடை, சமையல்கட்டு, மாடி அறை என்று வைத்தேன்.

முதல் மாதம் ஏமாற்றம். எங்கள் திட்டம் விநாடிக்கு 150 மெகாபிட். முன்னறையில் 145 வந்தது. நடையில் 70. சமையல்கட்டில் 30. காரணம் தேடி இரண்டு வாரம் வீட்டையே அளந்தேன். நடையில் யூனிட் இருந்த இடத்துக்கு நேர் எதிரே, மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கும் மூன்று நீலப் பிளாஸ்டிக் டிரம்கள். தண்ணீர் வைஃபை அலையை நன்றாக உறிஞ்சும். அதற்கு அடுத்த அறையில் அம்மாவின் கல்யாணச் சீர் இரும்பு பீரோ. உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். யூனிட்டைத் தரையிலிருந்து ஏழடி உயரத்தில், டிரம்களுக்கு மேலே, ஒரு மரப்பலகையில் ஏற்றினேன். சமையல்கட்டில் 30 என்பது 45 ஆனது. செலவு பலகைக்கும் இரண்டு ஆணிக்கும் மட்டும்.

அதற்கு மேல் ஏறவில்லை. நான் வாங்கியவை இரண்டு அலைவரிசை கொண்ட யூனிட்டுகள். அவற்றில் அலைபேசியோடு பேசுவதும், அடுத்த யூனிட்டோடு பேசுவதும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய அதனால் முடியாது. ஆகவே ஒரு யூனிட்டிலிருந்து அடுத்ததற்குத் தரவு போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு தாவல் தாண்டிய சமையல்கட்டுக்குக் கால்பங்கு மிஞ்சுவதே பெரிது. தடித்த சுவர்களை 2.4 கிகாஹெர்ட்ஸ் இதைவிட நன்றாகக் கடக்கும். ஆனால் எங்கள் தெருவில் அலைபேசியைத் திறந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட வைஃபை பெயர்கள் வரும். ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. அந்த நெரிசலில் வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

எனவே கேபிள் இழுக்கத் தீர்மானித்தேன். மெஷ் வாங்க நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: பழைய கெட்டிச் சுவர் வீடென்றால் யூனிட்டுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அவற்றுக்கு நடுவே கேபிளை ஓட்டுங்கள். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எங்கள் வீட்டின் முழு நீளமும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கேபிள் போட்ட அன்று மாலை சமையல்கட்டில் 140 காட்டியது. நான்கு யூனிட் தேவைப்பட்ட வீட்டுக்கு மூன்று போதும் என்றாகிவிட்டது. நான்காவதைப் பெட்டியில் எடுத்து வைத்தேன்.

கேபிள் வாங்கும்போது கவனம் வேண்டும். முதலில் ஒரு கடையில் விலை மலிவாகக் கிடைத்ததை வாங்கிவந்தேன். பிளக் மாட்ட வந்த அண்ணன் ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. "இது இரண்டு வளைவு வளைந்தால் ஒடிந்துவிடும் தம்பி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போய், கடையிலேயே சுரண்டிப் பார்த்து, முழுச் செம்புக் கேபிள் வாங்கினேன்.

பதினான்கு மாதம் கழித்து மாடி அறையில் வேகம் திடீரென்று 94க்கு இறங்கி, அங்கேயே நின்றது. அது கூடிக் குறையாமல் ஒரே எண்ணில் நின்றதுதான் துப்பு. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்; மற்ற இரண்டில் ஒன்று கெட்டால் இணைப்பு அறுந்துபோகாது, அந்த வேகத்துக்குத் தானாக இறங்கிவிடும். மாடிப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுத் தகடுகளில் ஓரத்து இரண்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, கோயில் குத்துவிளக்கின் இடுக்கில் படிவதைப் போல. காசிமேட்டுக் கடற்காற்றின் வேலை. ஜன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் அரிக்கும் உப்பு இதை விட்டுவைக்குமா? அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் ஐப்பசிக்குள், மாடியிலுள்ள பிளக்குகளை வெட்டிப் புதிதாக மாட்டிவிடுகிறேன். கேபிளை முதலிலேயே அரை மீட்டர் கூடுதலாகச் சுருட்டி விட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

நடந்துகொண்டே பேசும்போது அழைப்பு அறுவது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். எந்த யூனிட்டில் ஒட்டிக்கொள்வது என்று முடிவெடுப்பது அலைபேசிதான். முன்னறை யூனிட்டின் சக்தி அதிகமாக இருந்தால், அலைபேசி பழைய இடத்தையே பிடித்துக்கொண்டு தொங்கும். முன்னறை யூனிட்டின் சக்தியை நடுத்தர அளவுக்குக் குறைத்தேன். அம்மாவின் அழைப்பு சரியாகிவிட்டது.

அடுத்தது கிடங்கு. பின் சந்தைத் தாண்டி, எங்கள் மொட்டைமாடியிலிருந்து 60 மீட்டரில் இருக்கிறது. அங்கே கண்காணிப்புக் கேமராவுக்கு இணையம் வேண்டும் என்றார் நைனா. தூரம் கேபிளுக்குள் அடங்கும்தான். ஆனால் திறந்தவெளியில் செம்புக் கம்பியை இழுத்தால் இடி மின்னலின் அதிர்வு இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைக் கொன்றுவிடும். எங்கள் பகுதியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் கோடை விடுமுறையில் வானத்தில் காற்றாடி குறைவதில்லை. தொங்கும் கம்பியிலெல்லாம் அறுந்த நூல்தான். ஆகவே இரண்டு மாடியிலும் எதிரெதிரே பார்க்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ஆன்டெனா ஒரு ஜோடி வைத்தேன். இந்த அலைவரிசையின் பெரும்பகுதியை, வரையறுத்த சக்திக்குள், வெளியிடத்திலும் உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு 2018 அக்டோபரில் வழிசெய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் கேமராப் படம் விட்டுவிட்டு வந்தது. மூன்று வாரம் புரியவில்லை. நான்காவது ஞாயிறு மாடிக்குப் போய் நின்று பார்த்தபோது, ஆன்டெனாவுக்கு ஓரடி கீழே கொடியில் ஈரப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. எதிர் ஆன்டெனா கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்ததுபோலப் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு வெள்ளரிக்காய் வடிவில் பரவிப் போகிறது. 60 மீட்டர் தூரத்துக்கு நட்ட நடுவில் சுற்றிலும் ஏறக்குறைய மூன்றடி காலியாக இருக்க வேண்டும். ஆன்டெனாவை நெருங்க நெருங்க அந்த அளவு குறையும். போர்வைகள் அந்த வெளிக்குள் ஈரத்தோடு தொங்கின. ஆன்டெனா மாட்டிய குழாயை நான்கடி உயர்த்தினேன். அம்மாவின் கொடி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. முன்னறை மட்டும் இன்வெர்ட்டரில் இருந்தது. ரௌட்டர் ஓடியது, சில மணி நேரம் இணையமும் வந்தது. ஆனால் வழியில் கேபிளைக் கிளை பிரிக்கும் ஸ்விட்ச் என்ற சிறு பெட்டி அணைந்ததால் பின்கட்டு முழுவதும் இருண்டது. தம்பி இரவெல்லாம் தூங்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அம்மா பின்கட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஸ்விட்ச்சுக்கும் யூனிட்டுகளுக்கும் 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் தனித்தனியே இருக்கிறது. மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆன்டெனாவுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் போவதால், அதன் அடாப்டரை இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றிவிட்டேன்.

சென்ற ஆண்டு நடை யூனிட் இறந்தது. அதே மாடல் சந்தையில் இல்லை. ஒரு நிறுவனத்தின் மெஷ் இன்னொன்றோடு பெரும்பாலும் சேராது. ஈஸிமெஷ் என்ற பொதுத் தரம் 2018இல் வந்தும் எல்லாப் பெட்டிகளிலும் அது இருப்பதில்லை. பெட்டியில் எடுத்து வைத்திருந்த நான்காவது யூனிட்தான் காப்பாற்றியது. இனி புதிதாக வாங்கினால் அந்தத் தரம் உள்ளதையே வாங்குவேன்.

கிணற்றடியின் கடைசி மூலையில் மட்டும் இன்னும் இரண்டு கோடுதான் காட்டுகிறது. அம்மா மாலையில் மீன் ஆய்வது அங்கேதான். பொங்கலுக்குத் தம்பி வருவதற்குள் அந்தச் சுவரோரம் பிவிசி குழாய் பதித்து இன்னொரு கேபிளைக் கொண்டுபோகப் போகிறேன். குழாய் வாங்கி வைத்தாகிவிட்டது.