30 கேஜ் கைனார் வயர்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் புளூடூத் போர்டு ஒன்றும் லித்தியம் பட்டரி ஒன்றும் வைக்கப்போகிறார். "மச்சான், போர்டெல்லாம் வாங்கிட்டன். வயர் எது வாங்குறது? கடையில பார்த்தா எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கு" என்று கேட்டார். அதே வேலையை நானும் செய்து வைத்திருக்கிறேன். அவர் கேட்ட கிழமை என் ரேடியோவின் பின்மூடியைத் திறந்தால், ஸ்பீக்கருக்குப் போகும் கைனார் வயர் மறுபடியும் முறிந்து கிடக்கிறது. சோல்டர் முடிகிற அதே இடம். திருப்பிப் பற்றவைத்தாயிற்று, ரேடியோவும் பாடுகிறது, கோபம்தான் இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்தோடு எழுதினாலும் இந்த வயருக்கு அநியாயம் செய்யாமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நியாயம். என்னிடம் இருப்பது 30 கேஜ் கைனார் ரோல்கள், சில நிறங்களில். கேஜ் என்பது வயரின் தடிப்பைச் சொல்லும் எண், எண் கூடக்கூட வயர் மெலியும். உள்ளே வெள்ளி பூசிய ஒற்றைச் செம்புக் கம்பி, தடிப்பு 0.25 மில்லிமீட்டர். தோலோடு சேர்த்தே அரை மில்லிமீட்டர்தான் வரும். இந்த வயரை சோல்டர் அயனோடு சேர்த்துப் பிடித்த எவருக்கும் அந்த முதல் நிமிடம் மறக்காது. அயன் முனை பட்டதும் ஈயம் தயங்காமல் ஓடிப் பிடிக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில், சாதாரண பிவிசி வயரை ஒரு மழைக்காலம் விட்டு எடுத்துத் தோலை உரித்தால் செம்பு கறுத்துப்போயிருக்கும். சில பழைய வயர்களில் பச்சையே பிடித்திருக்கும். ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் எவ்வளவு போட்டாலும் ஈயம் உருண்டு விழும். கைனார் வயரில் வெளியே தெரியும் வெட்டுமுனை மங்கினாலும், தோலுக்குள் இருக்கும் பகுதி வாங்கிய நாள் மாதிரியே மினுங்குகிறது. உப்புக்காற்றுக்கு நடுவே வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வளைத்த இடத்தில் வளைந்தபடியே நிற்பது அடுத்த சந்தோஷம். கீபோர்டு ஒன்றின் போர்டில் அறுந்த செம்புத் தடத்தைச் சுற்றி வயர் இழுக்கும்போது, சிப்பின் கால்களுக்கு நடுவால், ஸ்க்ரூ ஓட்டையைத் தவிர்த்து, போர்டோடு ஒட்டினாற்போல் கொண்டுபோகலாம். கை எடுத்தால் எழும்பி வராது. கேம் கொன்ட்ரோலர், மவுஸ், ரிமோட் என்று நான் இதைப் போட்டு மூடிய சாமான்கள் ஒன்றும் திரும்பி வரவில்லை. மூடிய பிறகு உள்ளே எதுவும் அசையாத சாமான்கள் அவை என்பதையும் சொல்லவேண்டும்.

ஏனென்றால் இந்த வயர் பிறந்ததே அசையாமல் இருப்பதற்கு. வயர்-ராப் என்று ஒரு முறை இருந்தது. சதுரமான உலோகத் தூணில் வயரைப் பல சுற்று இறுக்கிச் சுற்றிவிடுவார்கள், சோல்டரே கிடையாது. தூணின் கூரான மூலைகள் வயரைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் இப்படித்தான் கட்டப்பட்டன. சந்திரனுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினியிலும் மொடியூல்களை இப்படித்தான் இணைத்தார்கள். சுற்றிய பின் யாரும் அதைத் தொடுவதில்லை. கைனார் என்பது அந்தத் தோலுக்கான பிவிடிஎஃப் பிளாஸ்டிக்கின் வணிகப் பெயர். மெல்லியதாக இருந்தும் சுரண்டலைத் தாங்கும், ஆனால் 170 பாகை தாண்டினால் உருகிவிடும். அயன் முனையோ 350இல் நிற்கிறது. அதனால் கனநேரம் பிடித்தால் தோல் பின்வாங்கும். பிவிசி அளவுக்கு மோசமாக இல்லை, அவ்வளவுதான்.

இப்போது என் எரிச்சல். தோல் உரிப்பது. இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் வயர் ஸ்ட்ரிப்பரின் கடைசி ஓட்டைகூட இந்த வயருக்குப் பெரிது. அதனால் எல்லோரும் பிளேட்டால், கட்டரால், நகவெட்டியால் உரிக்கிறோம். சிலர் பல்லால். அந்த நேரம் கம்பியில் ஒரு மெல்லிய கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது. 0.25 மில்லிமீட்டர் கம்பியில் அந்தக் கீறல் மிச்சம் விடுவது எவ்வளவு? சோல்டர் செய்த அன்று எல்லாம் வேலை செய்யும். மூடியைச் சில தடவை திறந்து மூடினால், வளைவு முழுவதும் ஈயம் முடிகிற அந்த ஒரு புள்ளியில் வந்து குவியும், கீறலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முறியும். ஒற்றைக் கம்பி என்பதால் முன்னறிவிப்பும் கிடையாது. நேற்று வரை பாடிய ஸ்பீக்கர் இன்று சத்தமில்லை. சில வேளை தோல் முறியாமல் உள்ளே கம்பி மட்டும் முறிந்திருக்கும். வெளியே பார்த்தால் வயர் முழுசாகத் தெரியும், மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. என் பொறுமையைத் தின்றது அந்தக் கடைசி வகை.

கீறல் விழாமல் உரிக்க வழி உண்டு. 0.25 மில்லிமீட்டருக்கென்றே ஓட்டையுள்ள ஸ்ட்ரிப்பர் வேண்டும், அல்லது வயர்-ராப் கருவியின் கைப்பிடிக்குள் இருக்கும் சிறிய பிளேட். இரண்டும் இல்லாவிட்டால் அயன் முனையிலேயே கொஞ்சம் ஈயம் எடுத்து வயர் நுனியை அதில் வைத்தால் தோல் தானாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னால் போகும், கம்பிக்குச் சேதமில்லை. முனை அழுக்காகும், துடைத்துவிடலாம். லைட்டரால் மட்டும் சுடவேண்டாம். கைனாரோ, டெஃப்லோனோ, பிவிசியோ, எரிந்தால் வரும் புகை மூச்சுக்குள் போகக்கூடாதது.

கேஜ் பற்றிய குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், நண்பர் அங்கேதான் மாட்டப்போகிறார். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எஸ்டபிள்யூஜி கணக்கும் அமெரிக்க ஏடபிள்யூஜி கணக்கும் கலந்து கிடக்கின்றன. 30 ஏடபிள்யூஜி 0.255 மில்லிமீட்டர், 30 எஸ்டபிள்யூஜி 0.315. எண் ஒன்று, செம்பு ஒன்றரை மடங்கு. நம்பர் சொல்லாமல் மில்லிமீட்டரில் கேட்பது நல்லது.

மெல்லிய வயரில் கரண்ட் போகாது என்ற பயம் பாதிதான் சரி. 30 ஏடபிள்யூஜி வயருக்கு மீட்டருக்கு 0.34 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 சென்டிமீட்டர் போக, 20 வர என்று இழுத்தாலும் 0.14 ஓம்கூட வராது, காதுக்குத் தெரியாது. பட்டரி வேறு கதை. லித்தியம் பட்டரிக்குப் போடும் டிபி4056 சார்ஜர் போர்டு 1 ஆம்பியர் அனுப்பும். 15 சென்டிமீட்டர் போகவும் வரவும் சேர்த்தால் 0.1 ஓம், அதாவது 0.1 வோல்ட் வயரிலேயே விழும். 4.2 வோல்ட்டில் நிற்கும் சார்ஜருக்கு அது பெரிய அளவு. பட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்து நேரத்தோடே கரண்டைக் குறைக்கும், சார்ஜ் இழுபடும். பட்டரிக்கு 24 கேஜ் போடுங்கள், அதில் இழப்பு நாலில் ஒன்று.

மற்ற வயர்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது வெளிநாட்டு ரோல் வாங்குவதை நினைக்கவே முடியவில்லை. அப்போது கைகொடுத்தது கம்பியூட்டர் கடைகளில் குப்பைக்குப் போகும் பழைய ஐடிஇ கேபிள், முன்பு ஹார்ட் டிஸ்க்கை இணைத்தது. 80 கம்பி உள்ள அகலக் கேபிளில் ஒவ்வொன்றும் 30 கேஜ். இலவசம், ஆனால் பிவிசி, அயன் கிட்டப் போனாலே தோல் சுருண்டு ஓடும். லேன் கேபிளின் 24 கேஜ் கம்பி நல்லது, அது செம்பாக இருந்தால். புறக்கோட்டையில் ஒரு கடையில் "அசல் செம்பு தம்பி" என்று மீட்டர் கணக்கில் தந்ததை வீட்டில் பிளேட்டால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை, செம்பு பூசிய அலுமினியம். செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை, வெட்டுமுனையில் ஈயம் பிடிக்காது, ஒன்றிரண்டு வளைவில் முறியும். கையில் காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கடையிலேயே சுரண்டிப் பாருங்கள், நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார். மோட்டார் சுற்றும் எனாமல் வயர் ஃபோன் போர்டின் மயிரிழைத் தடங்களுக்குச் சரி, ஆனால் பல வகைகளில் எனாமல் அயன் சூட்டுக்குப் போகாது, சுரண்டவேண்டும். டெஃப்லோன் வயரின் தோல் 327 பாகை வரை உருகாது, பார்க்க ஆசையாக இருக்கும், உரிக்கக் கைனாரைவிடக் கஷ்டம்.

மிச்சம் சிலிக்கோன் வயர். உண்மையைச் சொன்னால் எனக்கு இது பிடிப்பதில்லை. 30 கேஜிலேயே தோலோடு 0.8 மில்லிமீட்டர், நனைந்த நூல் மாதிரித் துவண்டு வைத்த இடத்தில் நிற்காது. கூரான மூலை பட்டால் தோல் கிழியும். போர்டு வேலை அழகாக வரவே வராது. ஆனால் அயனைத் தோல்மேலேயே வைத்தாலும் அது உருகாது, உரிப்பதற்கு நகமே போதும், உள்ளே 0.08 மில்லிமீட்டர் இழைகள் 11. கீறல் விழுந்து ஓரிழை போனாலும் பத்து நிற்கும், சத்தம் கரகரக்கத் தொடங்கும்போதே பார்த்துவிடலாம். சிலிக்கோன் என்று சொல்லி மென்மையான பிவிசியையும் விற்கிறார்கள். ஒரு துண்டில் சூடான அயனை வைத்தால் உடனே தெரியும்.

ஆக, நிறையப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது எனக்கே ஒருமாதிரி இருந்தாலும், நண்பருக்கு என் பதில் கைனார் வாங்கவேண்டாம் என்பதே. ஸ்பீக்கருக்கு 26 அல்லது 28 கேஜ் சிலிக்கோன், பட்டரிக்கு 24 கேஜ் சிலிக்கோன். அடுத்த மாதம் கேட்டால், ஏதாவது கீபோர்டு ஒன்றை அழகாக முடித்துவிட்டு வேறு பதில் சொல்வேனோ தெரியாது. இந்தக் கிழமை இதுதான்.

ஒன்று மட்டும். எந்த வயர் போட்டாலும் சோல்டர் புள்ளிக்கு அருகே அதை அசையாமல் பிடித்துவைக்கவேண்டும். இழை வயரிலும் ஈயம் தோலுக்குள் கொஞ்சம் ஏறிக் கெட்டியாகும், அது முடிகிற இடத்தில் முறியும். சிலிக்கோன் தோலில் ஹொட் குளூ ஒட்டாது, ஆகவே போர்டில் ஓட்டை இருந்தால் அதற்குள்ளால் எடுத்து, அல்லது சிறிய கேபிள் டையால் கட்டிவிடுங்கள். சிலிக்கோன் பசைதான் போடுவீர்கள் என்றால் வினிகர் வாசம் அடிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள், அந்த வாசம் அடிக்கும் வகை காயும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும்.