பெங்களூரு இந்திராநகரில் சீன அம்மாவும் மகளும்: வீடியோ கலைக் காட்சி

சீனக் கலைஞர் ஒருவர் தன் அம்மாவையே கேள்வி கேட்டு எடுத்த வீடியோக்கள். அங்கே தம்பதிக்கு ஒரே குழந்தைதான் என்ற கொள்கை 1980 முதல் 2015 வரை இருந்தது, பல மாகாணங்களின் கிராமங்களில் முதல் குழந்தை பெண் என்றால் இன்னொன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துகொண்டு போனால், "நான் பிறந்தப்போ வருத்தப்பட்டியா?" என்று மகள் கேட்கும்போது அம்மா ஏன் பதிலே சொல்லாமல் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார் என்பது பிடிபடும். அந்தக் காட்சியை வெட்டாமல் விட்டதற்கே காசு கொடுக்கலாம் (கட்டணம் கிடையாது, அது வேறு விஷயம்).

பக்கத்து அறையில் கடிதங்கள், பழைய போட்டோக்கள். சுமார்தான், எழுத்தெல்லாம் பொடி. ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்கவில்லை. சொன்னதற்கு "அப்படித்தான் மேடம்" என்றார்கள்.

அல்சூரிலிருந்து இழுத்துக்கொண்டு போன என் அம்மா சப்டைட்டில் படிக்காமலே முழுசும் பார்த்தார். கார் எடுக்காதீர்கள், பார்க்கிங் இல்லை. மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம்.