வேதியியல் ஆசிரியராக: மைசூரில் நான்கு வருடமா, வேலூரில் ஏழு வருடமா?

பிளஸ் டூ முடித்து, வேதியியல் ஆசிரியராக வேண்டும் என்று வருகிற பிள்ளைகளிடம் எங்கள் பக்கத்தில் இரண்டு வழிகளைத்தான் சொல்வார்கள். நுழைவுத் தேர்வு எழுதி, மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் பட்டத்தையும் பி.எட்.டையும் நான்கு வருடத்தில் சேர்த்து முடிப்பது ஒன்று. ஊரிசு, முத்துரங்கம், ஆக்சிலியம் என்று வேலூர்க் கல்லூரிகளிலேயே பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்து, பிறகு எம்.எஸ்சி., அதன்பின் பி.எட். படிப்பது இன்னொன்று. 2015-இலிருந்து பி.எட்.டும் இரண்டு வருடம் என்பதால் மொத்தம் ஏழு. நான் வந்தது இந்த ஏழு வருட வழியில். என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருவதும் ஹாஸ்டலில் தங்குவதும் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லோருக்கும் தெரியும். தூரமும் பெரிய தடையில்லை. காட்பாடியில் ஏறினால் நேராக மைசூருக்கு ரயில் இருக்கிறது.

முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்க ஆசை? அரசுப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். அதற்கு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். 150 மதிப்பெண்ணில் கணிதமும் அறிவியலும் சேர்ந்தே 60தான். அதற்குள் வேதியியல் ஒரு மூலை. வேலைக்கு வந்தாலும் ஒளிச்சேர்க்கை, நியூட்டன் விதி எல்லாம் உங்கள் தலையில்தான்.

வேதியியலை மட்டும் எடுப்பவர் பதினொன்று, பன்னிரண்டுக்கு வரும் முதுகலை ஆசிரியர். அதற்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் போக, 150-க்கு 110 வேதியியலிலிருந்தே வரும். கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. மைசூரில் முடித்தவரும் எம்.எஸ்சி. படித்து இதை எழுதலாம், ஆறு வருடத்தில் ஆகிவிடும். ஆக, மிச்சமாவது ஒரே வருடம்.

அந்த ஒரு வருடத்துக்காக லேபில் நிற்கிற நேரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. பிளஸ் டூ லேபில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் (அமிலத்தில் அதைத் துளித்துளியாக விட்டு, நிறம் நிலைக்கும்போது அளவு பார்ப்பது) நடக்கும்போது பாருங்கள். ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்காமலே ஒரு பையன் பெர்மாங்கனேட் இருக்கிற அளவுக்குழாயை, அதாவது பியூரெட்டை, திறந்துவிடுவான். முதலில் விட்ட துளியின் நிறம் போகாமல் அப்படியே நிற்கும், 'முடிஞ்சிருச்சு சார்' என்பான். அறுபது, எழுபது டிகிரிக்குச் சூடாக்கினால்தான் வினை ஓடும் என்றும், கொஞ்சம் மாங்கனீசு அயனி உருவானபின் அதுவே வினையை முடுக்கும் என்றும் அந்த இடத்திலேயே சொல்லத் தெரிய வேண்டும். அடுத்தவள் சல்பூரிக் அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றியிருப்பாள். பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்வதால் அவளுக்குச் செலவாகும் பெர்மாங்கனேட் அளவு கூடுதலாக வரும். கரைசல் அடர்நிறம் என்பதால் அளவை மேல்விளிம்பில் பார்க்கணும் என்பது வேறு. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனால் முப்பது பேர் ஒரே நேரத்தில் 'சார்' என்று கூப்பிடும்போது, கை பழகியிருந்தால்தான் வாயில் வரும். வேதியியலை முதன்மைப் பாடமாக எடுத்த வருடங்களில் எனக்குக் கிடைத்தது இந்தப் பழக்கம்தான்.

மைசூரில் நான் படித்ததில்லை, அங்கே போனவர்கள் சொல்லக் கேட்டதுதான். வளாகத்துக்குள்ளேயே பள்ளி இருப்பதால் வகுப்பில் நின்று பேசும் பயம் சீக்கிரம் தெளிந்துவிடும் என்கிறார்கள். நம்புகிறேன், என் பி.எட். பயிற்சியில் பாதி நேரம் ரெக்கார்டு எழுதியே போனது.

கேந்திரிய வித்யாலயாவில் ஆறு முதல் பத்து வரை அறிவியல் எடுக்க ஆசை என்றால் கதை வேறு. அங்கே பட்டத்தில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றும் கேட்பார்கள். இயற்பியலும் கணிதமும் துணைப்பாடமாக எடுத்த பி.எஸ்சி. வேதியியல்காரருக்கு அந்தக் கதவு திறக்காது. அங்கே போக ஆசைப்படுபவர்கள் முதலிலேயே மூன்றும் சேர்ந்த படிப்பாகப் பார்த்துச் சேரலாம். எந்தப் பக்கம் போனாலும், பட்டத்தின் பெயர் கொஞ்சம் புதிதாகத் தெரிந்தால், ஃபீஸ் கட்டுமுன் அது வேதியியலுக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.