இரண்டு வரவேற்புகள்

ஊரிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் போடிங் அறையில் தனியே இருக்கும் பிள்ளையை இரண்டு இடங்கள் அழைக்கலாம். ஒன்று சாதாரணக் கோயிலோ சபையோ. மற்றது ஆளையே முழுதாகக் கேட்கும் குழு. முதல் நாளில் இரண்டாவதுதான் இனிக்கும்.

சாதாரண இடத்தில் ஒரு அன்ரி "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்பார், தேத்தண்ணி கிடைக்கும், அவ்வளவுதான். அடுத்த கிழமை போகாவிட்டால் யாரும் தேடவும் மாட்டார்கள். அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற இடத்தில் பாசம் கொட்டும். பேர் சொல்லி அழைப்பார்கள், இரவில் போன் எடுத்துச் சாப்பிட்டாயா என்பார்கள். 1970களில் கொரியாவின் சன் மியுங் மூன் தொடங்கிய ஒருங்கிணைப்புச் சபையினரே இதை 'அன்புக் குண்டுவீச்சு' என்றார்களாம்! அப்புறம் சின்னச் சின்ன வேண்டுகோள்கள்: ஒரு மணித்தியாலம் வா, ஞாயிறு முழுக்க நில், சம்பளத்தில் கொஞ்சம் தா. சிறிய உதவிக்குச் சம்மதித்தவர் பெரியதற்கும் எளிதில் இணங்குவதை 1966 இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தே காட்டினார்கள்.

அதைவிட மோசம் பாவஅறிக்கை. சபையிலும் அது உண்டு, ஆனால் குருவானவர் அதை வெளியே சொல்லக்கூடாது. அந்தக் குழுவிலோ நீ அழுது சொன்னதே பிறகு உன்னைக் கட்டும் கயிறு. மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன் மனதை முழுதாகக் கட்டுப்படுத்தும் சூழலுக்கு 1961 இல் பட்டியலிட்ட எட்டு அடையாளங்களில் இதுவும் ஒன்று. சந்தேகம் வந்தால் பிழை உன்னில்தான்.

சரி, எது எது என்று எப்படி அறிவது? "சோதனை இருக்கு, இந்த மாதம் வரமாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஓரிடத்தில் "நல்லாச் செய் பிள்ளை" என்பார்கள். மற்ற இடத்திலிருந்து அன்றிரவே மூன்று பேர் போடிங் கேற்றடியில் நிற்பார்கள்.