காந்த வாலட் வாங்குறவங்க கொஞ்சம் நில்லுங்க

ஐபோன் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் காந்த வாலட் ஒன்றை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "கம்பெனி பீஸ்ணே. எங்கயாவது கழண்டு விழுந்தா எந்த இடம்னு போனே காட்டும்" என்றார் கடைப் பையன். போனைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டியும் காட்டினார். விழவில்லை. ஆனால் ஒட்டியபோது திரையில் அனிமேஷன் எதுவும் வரவில்லையே என்று கேட்டேன். "கவர் போட்டிருக்கீங்கல்ல, அதான்." நம்பினேன். வீட்டுக்குப் போய் கவரைக் கழற்றிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை, என் சோம்பேறித்தனம்.

மூன்றாவது வாரம். கிண்டியில் மின்சார ரயிலை விட்டு இறங்கும் நெரிசலில் வாலட் போய்விட்டது. உள்ளே லைசென்ஸ், டெபிட் கார்டு, 600 ரூபாய். பதறிப்போய், தொலைந்த பொருளைத் தேடித் தரும் ஐபோனின் ஃபைண்ட் மை ஆப்பைத் திறந்தால், அதில் வாலட் என்ற பேச்சே இல்லை. இருந்ததே இல்லை.

செல்போன் சர்வீஸ் செய்யும் நண்பர்தான் விளக்கினார். ஐபோன் 12இலிருந்து பெரும்பாலான மாடல்களில் பின்புறம் வட்டமாகக் காந்தங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒட்டினால் உள்ளே இருக்கும் காந்தமானி உணரும். உடனே, கிட்டே இருக்கும் சிப்பைக் கம்பியில்லாமல் படிக்கும் என்எஃப்சி வசதி, ஒட்டியது என்ன என்று அதன் சிப்பைப் படிக்கும். கவரா, வாலட்டா, என்ன நிறம் என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரியும். என் வாலட்டில் வெறும் காந்தம் மட்டுமாம்.

அதே மாதிரி ஒன்று அவரிடம் இருந்தது. காந்த அளவு காட்டும் ஆப்பைத் தன் ஆண்ட்ராய்டு போனில் திறந்தார். சும்மா இருக்கும்போது 40 மைக்ரோடெஸ்லா சொச்சம், அது பூமியின் காந்தப்புலம். வாலட்டைக் கிட்டே கொண்டுபோனதும் எண் நூற்றுக்கணக்கில் எகிறியது. "கதவு தட்டுற சத்தம் போனுக்குக் கேக்குது. யாருன்னு கேட்டா பதில் சொல்லத்தான் ஆள் இல்ல" என்றார்.

கடைக்குப் போனேன். முதலாளி ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒட்டுச்சா இல்லியா?" பில்லில் "வாலட் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. கம்பெனி பெயரும் இல்லை, ட்ராக்கிங் என்ற சொல்லும் இல்லை. பணம் திரும்பி வரவில்லை.

வாங்குவதாக இருந்தால் காசு கொடுக்கும் முன் அங்கேயே கவரைக் கழற்றி ஒட்டிப் பாருங்கள். காந்தப் பிடியை நம்பவே வேண்டாம், இரண்டு காந்தம் வைத்தால் எதுவும் ஒட்டும். அனிமேஷன் வந்தாலும் திருப்திப்பட்டு விடாதீர்கள், அதைக் காட்டும் டூப்ளிகேட்டும் சந்தையில் இருக்கிறது. ஃபைண்ட் மையில் வாலட்டைச் சேர்த்து, கழற்றிவிட்டு, பிரிந்த இடத்தை மேப்பில் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு பர்ஸைத் திறங்கள். ஒன்று: ஆப்பிளின் அசல் வாலட்டுக்கும் பேட்டரி கிடையாது. கடைசியாகப் பிரிந்த இடத்தைத்தான் சொல்லும், அதற்குப் பிறகு எவர் எடுத்துப்போனாலும் தெரியாது. பேட்டரி இல்லாத வாலட்டுக்கு "லைவ் ட்ராக்கிங்" என்று எவராவது சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கார்டை பிளாக் செய்தாயிற்று. லைசென்ஸுக்கு டூப்ளிகேட் விண்ணப்பித்திருக்கிறேன். நேற்று அந்தக் கடை வழியாக வந்தேன். கண்ணாடிப் பெட்டியில் அதே வாலட், இப்போது 1,500 ரூபாய். மேலே புது ஸ்டிக்கர்: "ட்ராக்கிங் வசதியுடன்".