பச்சைப் புள்ளியை நம்பி 18,500 ரூபாய் போச்சு

"ஐந்தே நிமிடத்தில் கடன்" என்று விளம்பரம் வருகிறதே, அந்த மாதிரி ஆப் ஒன்று. பெயர் சொல்லிப் பிரயோசனமில்லை, நாளைக்கே வேறு பெயரில் வருவான்கள். கையில் வந்தது 6,000. கட்டியது 24,500. ஆக 18,500 ரூபாய் தண்டம்.

லிங்க் அனுப்பித்தான் ஆப்பை ஏற்ற வைத்தார்கள். திறந்ததும் காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், போட்டோ, கேமரா என்று வரிசையாக அனுமதி கேட்டது. தயங்கி ஹெல்ப்லைனுக்கு அடித்தேன். எடுத்த பெண்ணுக்கு அவ்வளவு பணிவு. "கேஒய்சி-க்கு மட்டும்தான் சார். ஆப் எதையாவது எடுத்தா உங்க போன்லயே மேல பச்சைப் புள்ளி வந்துடும், நீங்களே பாத்துக்கலாம்." செல்ஃபி எடுக்கும்போது வலது மூலையில் புள்ளி வந்தது, முடிந்ததும் மறைந்தது. சரி, சொன்ன மாதிரிதானே நடக்கிறது என்று நம்பினேன்.

அந்தப் புள்ளி கேமராவுக்கும் மைக்குக்கும் வருவது. ஆண்ட்ராய்டு 12-இல் வந்த வசதி. ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு. காண்டாக்ட்ஸ் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனாலும் எந்தப் புள்ளியும் வராது. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்?

தவணை முடியும் முன்பே ஒருவன் அழைத்தான். நான் சேமித்து வைத்திருந்தபடியே வாசிக்கிறான்: "'மாமனார் புது நம்பர்'னு ஒண்ணு இருக்கே, அதுக்கு அனுப்பவா? 'கேஸ் தம்பி'க்கு?" அந்த செல்ஃபியிலேயே 'மோசடிக்காரன்' என்று எழுதி என் மேனேஜருக்கு அனுப்பிவிட்டான். கேட்டதையெல்லாம் கட்டினேன்.

திரும்ப ஹெல்ப்லைன்: "பர்மிஷன் குடுத்தது நீங்கதானே சார்?" வங்கியில்: "நீங்களே அனுப்பின பணம், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." ஸ்டேஷனில்: "ஆன்லைன்ல போடுங்க." 18,500 ரூபாய், யாருக்கும் ஒரு பொருட்டில்லை. கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டதாம். இவன்களுக்கு அதெல்லாம் எங்கே!

விவரமாக எழுத இப்போது பொறுமையில்லை. செட்டிங்ஸில் பர்மிஷன் மேனேஜரைத் திறந்து காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் இரண்டிலும் எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாததை நிறுத்துங்கள். ஆனால் ஏற்கெனவே எடுத்துப்போனது ஆப்பை அழித்தாலும் திரும்பாது. பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். அப்புறம், காண்டாக்டில் இருப்பவர்களுக்கு அவன் அனுப்பும் முன் நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.