குக்ரியா, கா-பாரா, கமாண்டோ கத்தியா? ஏற்காட்டுப் பனிக்கு எது தாங்கும்?

பழைய ராணுவக் கத்தி சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றின் முன்தான் வந்து நிற்கிறார்கள்: கூர்க்கா படையின் வளைந்த கத்தியான குக்ரி, அமெரிக்க மரைன்களின் கா-பார், பிரிட்டிஷ் கமாண்டோக்களின் ஃபேர்பேர்ன்-சைக்ஸ். நான் குக்ரி பக்கம் போனேன். வீடு ஏற்காட்டில் இருப்பதுதான் முக்கியக் காரணம்.

சரித்திரப் பெருமையில் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஃபேர்பேர்னும் சைக்ஸும் 1940 கடைசியில் வடிவம் கொடுக்க, வில்கின்சன் சோர்ட் கம்பெனி அடித்துக் கொடுத்தது கமாண்டோ கத்தி. 1942 கடைசியில் மரைன் படை ஏற்றுக்கொண்டது கா-பார். குக்ரியில் முதலாம் உலகப்போருக்கு மார்க் 2 என்ற ராணுவ மாடல், இரண்டாவதற்கு மார்க் 3. விலை, புகழ், கையில் நிற்கும் அழகு எல்லாம் அவரவர் ரசனை.

ரசனைக்குள் அடங்காதது பராமரிப்பு. சேலத்துக்காரர்களுக்கு ஸ்டீல் என்றாலே உருக்காலையின் துருப்பிடிக்காத தகடுதான் மனதில் வரும். போர்க்காலக் கத்திகளோ கார்பன் ஸ்டீல். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னல் வழியே பனி உள்ளே வரும் ஊரில், எண்ணெய் காட்டாமல் விட்டால் செந்துரு பூத்துவிடும். அலகில் பூத்தால் கவலையில்லை, கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கா-பாரின் பிடி, தோல் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியது. அதன் நடுவே ஓடும் இரும்பு வெளியே தெரியாது. மலையில் தோல் ஈரம் குடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே துரு சத்தமில்லாமல் வேலை பார்க்கும். சரி, கீழே சேலத்தில் வைக்கலாம் என்றால் சித்திரை வெயிலில் அதே தோல் காய்ந்து சுருங்கி, வளையங்களுக்கு நடுவே இடைவெளி விழும். பிடி ஆட ஆரம்பிக்கும். எண்ணெயை நிறைய ஊற்றினால் தோல் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஒரு வியாதி, கீழே ஒரு வியாதி.

மார்க் 2, மார்க் 3 குக்ரிகளில் அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை முழு அகலத்துக்கு ஓடும். இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து ஆணி அறைந்திருப்பார்கள். இரும்பின் விளிம்பு சுற்றிலும் தெரிவதால் துரு தொடங்கும்போதே பிடித்துவிடலாம். வெயிலில் மரம் கொஞ்சம் சுருங்கி இரும்பு விரலில் இடறும், அவ்வளவுதான். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் மரத்துக்குப் போதும். அலகுக்குத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் காறிப் பிசுபிசுக்கும். மூன்று கத்திக்கும் பொதுவான விதி ஒன்று: தோல் உறைக்குள் செருகி வைக்கவே கூடாது. தோல் பதனிட்ட உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பை அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். உறை ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம், நடுவே சிலிக்கா ஜெல் பொட்டலம். வயதினால் ஏறிய கருஞ்சாம்பல் நிறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர் வாங்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஃபேர்பேர்ன்-சைக்ஸ் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. நண்பர் ஒருவரிடம் உள்ள மூன்றாம் வகைக் கத்தியை மட்டும்தான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முந்தைய வகைகளில் பித்தளைப் பிடி. 1943 கடைசியில் வந்த மூன்றாம் வகையில் வரிவரியான துத்தநாகக் கலவைப் பிடி. தோலோ மரமோ பிடியில் இல்லாததால் மலைக்கு அதுவும் தோதுதான் என்று படுகிறது. ஆனால் போருக்குப் பிறகும் அதே வடிவத்தில் ஏராளமாகச் செய்தார்கள், நகல்களும் அதிகம். போர்க்காலத்ததுதானா என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். குக்ரியிலும் போலி முத்திரை உண்டு. அங்கே அலகில் அடித்த ஆண்டு, ஆய்வாளர் முத்திரை, மரத்தின் தேய்மானம் எல்லாம் ஒரே வயதைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

குக்ரிக்கு எதிராக ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன, குக்ரியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ராணுவக் குக்ரியின் அலகு 12, 13 அங்குலம் வரும். கா-பார் 7 அங்குலம்தான். வாங்கும் முன்பே, உங்கள் மாவட்டத்தில் உரிமம் தேவையா என்று வழக்கறிஞரிடமோ ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

வீடு மலையடிவாரத்தில், ஏசி ஓடும் அறை, கத்தியை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பழக்கம் இதெல்லாம் உள்ளவர் தாராளமாகக் கா-பார் வாங்கலாம். தோல் பிடிக்கென்று ஒரு கம்பீரம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை பகுதிக்கு மேலே வீடு இருப்பவர்கள் மார்க் 3 குக்ரியைத் தேடுங்கள், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே எண்ணெய் வாங்கி வைத்துவிடுங்கள்.